தத்துவ ஆப்ஷனல்: ‘எது தடுக்கிறது?’ என்று கேளுங்கள்

யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் மதிப்பெண் வந்ததும் நான் முதலில் பார்த்தது தத்துவ ஆப்ஷனல் (விருப்பப் பாடம்) முதல் தாளைத்தான். நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. “தமிழில் காண்ட்டை எழுதிக் கரையேற முடியாது, வேறு பாடம் பார்” என்று சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இன்னும் உறுத்துகிறது. காரைக்குடியில் இருந்தபடியே தமிழில் படித்துத் தமிழில் எழுதலாம். நம்பி எடுங்கள்.

பாடத்திட்டம், புத்தகப் பட்டியல் எல்லாம் உங்களிடம் இருக்கும். நான் சொல்ல வந்தது மனித அறிவின் எல்லை பற்றிய கேள்விகளை மட்டும். மேற்கின் ஹியூம், காண்ட், நேரில் காண்பதை மட்டுமே நம்பிய நம் சார்வாகர் என்று எங்கே தொட்டாலும் இது வந்து நிற்கும். பலரும் “அறிவியலால் எல்லாவற்றையும் அறிய முடியாது” என்று பொதுவாகத் தொடங்கி ஆன்மிகத்தில் போய் முடிக்கிறார்கள். அதற்கு மார்க் விழாது, விழவும் கூடாது.

கேள்வியைப் படித்ததும் ‘இங்கே எது தடுக்கிறது?’ என்று கேளுங்கள்.

- இன்னும் தெரியாதது: அண்டத்தில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் (dark matter) எதனால் ஆனது என்பது போல. இதை எல்லை என்று எழுதாதீர்கள்.
- தெரியவே முடியாதது: ஹைசன்பர்க், 1927. துகளின் இடம், உந்தம் இரண்டையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாதது கருவியின் குறை அல்ல, இயற்கையே அப்படி. கணிதத்தில் கோடல், 1931: எண்கணிதத்துக்குப் போதுமான, முரணற்ற எந்த விதித் தொகுப்பிலும் அதற்குள்ளேயே நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும்.
- கேள்வியே பொருளற்றது: தர்க்கப் புலனறிவாதிகள். சரிபார்க்க வழியில்லாத வாக்கியம் அவர்களுக்கு வெறும் சத்தம்.

காண்ட் இதில் எங்கே என்று குழம்புவீர்கள். எனக்குத் தெளிந்தது ஆத்தங்குடியில், மாமாவின் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையில். கண்ணாடியின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுவார். எந்த வண்ணத்தை ஊற்றினாலும் பூ அந்த அச்சின் பூதான். காண்ட் சொல்லும் காலமும் இடமும் நம் மனத்தின் அச்சு. அச்சில் விழுவதற்கு முன் பொருள் எப்படி இருந்தது என்பதை அறிய வழியில்லை. ஆகவே அவர் இரண்டாம் வகை. விடைத்தாளில் இதை எழுதினேன். உங்கள் ஊரில் உள்ளதை நீங்கள் எழுதுங்கள்.

அப்புறம், ஹியூமையும் சார்வாகரையும் சேர்த்தே படியுங்கள். புகையுள்ள எல்லா இடத்தையும் எல்லாக் காலத்திலும் எவரும் பார்த்ததில்லை, ஆகவே ‘புகை இருந்தால் நெருப்பு இருக்கும்’ என்ற மாறாத தொடர்பு (வியாப்தி) நிலைக்காது என்பது சார்வாகர் வாதம். ஹியூமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். ஆனால் அவர் அனுமானத்தைத் தூக்கி எறியவில்லை. பழக்கத்தின் பொறுப்பில் விடுகிறார். இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதி, நம் நடத்தைக்கே முரணாகும் இடத்தில் சந்தேகம் நின்றாக வேண்டும் என்ற நியாய மரபின் உதயனரின் பதிலையும் சேர்த்தால் 150 சொல் விடை முழுமையாகிவிடும்.

அறிவியலை மட்டம் தட்டாதீர்கள். எங்கள் ஊர் செக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) 1953-இல் திறந்து வைத்தவர் தத்துவப் பேராசிரியராக இருந்த ராதாகிருஷ்ணன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராயும் அந்த வளாகத்தைத் தாண்டித்தான் தினமும் போய்வந்தேன். அறிவின் எல்லையை இவ்வளவு கறாராகக் காட்டிய ஹைசன்பர்க் இயற்பியலாளர், கோடல் தர்க்கவியலாளர். இதை எழுதினால் விடைக்கு ஒரு நேர்மை வரும்.

சமணரின் ஸ்யாத்வாதத்தை ‘எதுவும் நிச்சயமில்லை’ என்று சுருக்க வேண்டாம். ஒரு நிலையிலிருந்து சொல்வது அந்த நிலையில் உண்மை என்பதே அவர்கள் கட்சி.

இரண்டாம் தாளுக்கு இதெல்லாம் அவ்வளவாக உதவாது. கடவுள் இருப்புக்கான வாதங்களில் மட்டும் காண்ட் திரும்ப வருவார். அங்கே இந்தக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்.