அப்பா ரோபோ இல்லை என்று நிரூபித்த கதை

முதலில் நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து கோவில்பட்டிக்கு இரண்டு தடவை ராத்திரி பஸ். கடைக்காரருக்கு 800 ரூபாய். அப்பா ஒன்றரை வருஷமாக உட்கார்ந்து தட்டி வைத்திருந்த குலதெய்வக் கோவில் வரிக் கணக்கு மொத்தமும். இவ்வளவும் போன பிறகுதான் தெரிந்தது, அப்பாவின் கம்ப்யூட்டர் மூலையில் வந்து வந்து பயமுறுத்திய விளம்பரங்களை நிறுத்துவது பத்து நிமிஷ வேலை என்று. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்பது 2022-ல் வாங்கிய, விண்டோஸ் 11 ஹோம் போட்டே வந்த டெஸ்க்டாப். பேப்பர் படிப்பார், ஈபி பில் கட்டுவார், கோவில் கணக்கு எழுதுவார். ஒருநாள் போன். "டேய், கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்குன்னு வருதுடா. கீழ மூலைல வந்து வந்து போகுது." எதையும் அழுத்தாதீங்க, சனிக்கிழமை வர்றேன் என்றேன்.

சனிக்கிழமைக்குள் அடுத்தது நடந்துவிட்டது. மூலையில் வந்த பெட்டி ஒன்றை மூடப்போய் அதன் மேலேயே அழுத்தியிருக்கிறார். திரை முழுக்க நீலம், சைரன் சத்தம், ஒரு பெண் குரல் இங்கிலீஷில் விடாமல் எச்சரிக்கிறது, நடுவில் கட்டணமில்லா எண். அப்பா அந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். எதிர்முனையில் ஒருவன் இங்கிலீஷும் இந்தியும் கலந்து கடகடவென்று பேச, இவர் பொறுமையாக "தமிழ் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருந்தா குடுங்க தம்பி" என்று நாலு தடவை கேட்க, அவனே அலுத்துப்போய் வைத்துவிட்டான். அதற்குள் அம்மா சுவிட்சை அணைத்துவிட்டாள். தமிழும் அம்மாவும் சேர்ந்து காப்பாற்றிய பென்ஷன் பணம் அது.

உங்கள் வீட்டிலும் அந்த நீலத்திரை வந்தால் பதறவேண்டாம். அது வெறும் இணையப் பக்கம்தான், முழுத்திரையில் விரிந்திருக்கிறது, அவ்வளவே. எஸ்கேப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை சுருங்கிவிடும். அடம் பிடித்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் அதே சைரன்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. ஒருவேளை எவனுக்காவது கார்டு விவரத்தையோ கம்ப்யூட்டரையோ ஏற்கெனவே திறந்து கொடுத்திருந்தால் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

சனிக்கிழமை போனேன். இனி வருவது என் முட்டாள்தனம். பாப்அப், அதாவது இப்படித் தானாக முளைக்கும் பெட்டியை நீக்குவது எப்படி என்று தேடினேன். மேலே வந்த முதல் முடிவைச் சொடுக்கினேன். அது காசு கொடுத்து மேலே ஏற்றப்பட்ட விளம்பரம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. விளம்பரத்தை ஒழிக்கக் கிளம்பியவன் விளம்பரத்தையே அழுத்தினேன். இலவச ஸ்கேன் என்றது, போட்டேன். நாற்பதே விநாடியில் 2,143 கோளாறுகள் என்று சிவப்பு சிவப்பாகக் காட்டியது. சரி செய்யவா என்றது, ஆமாம் என்றேன், 1,999 ரூபாய் என்றது. விவரத்தைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி குக்கீஸ், அதாவது நம்மை நினைவு வைத்துக்கொள்ள இணையதளங்கள் விட்டுப்போகும் சின்னச் சின்னக் குறிப்புகள். குக்கீஸ் ஒவ்வொன்றையும் ஒரு வைரஸாக எண்ணினால் யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இரண்டாயிரம் வரும். அந்த ஸ்கேன் மென்பொருளைக் கழற்றப் போனால் "எழுபது சதவீதம் தள்ளுபடி, யோசித்துப் பாருங்கள்" என்கிறது. காய்கறிச் சந்தையில் பாதி தூரம் நடந்த பிறகு கூப்பிடுவார்களே, அந்த மாதிரி.

ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூலையில் பெட்டி வந்துகொண்டேதான் இருந்தது. கடையில் கொடுத்துப் பாருங்கப்பா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மகா தப்பு.

திங்கட்கிழமை சிபியுவை ஸ்கூட்டரின் முன்பலகையில் வைத்து, கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு அப்பா போயிருக்கிறார். அன்றைக்கு மாதாந்திர மின்தடை, கடையில் சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடி. பார்த்த பையன் ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "வைரஸ் ஃபுல்லா ஏறிருச்சு ஐயா. ஃபார்மட் போட்டாத்தான் போகும். டேட்டா எல்லாம் டி டிரைவ்லதான இருக்கு?"

"ஆமா தம்பி" என்றிருக்கிறார் அப்பா.

அப்பாவுக்கு டி டிரைவ் என்றால் என்னவென்று தெரியாது (கம்ப்யூட்டரின் சேமிப்பிடத்தில் தனியாகப் பிரித்து வைக்கும் இன்னொரு பகுதி). அவருடைய கோப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், டெஸ்க்டாப்பில். அதுவும் டாக்குமென்ட்ஸும் டவுன்லோட்ஸும் இருப்பது சி டிரைவில். ஃபார்மட் என்றால் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதில் போவது சி. பையனைக் கோபித்துப் பயனில்லை, அவன் கேட்கத்தான் செய்தான். ஆனால் எழுபது வயதுக்காரரிடம் டி டிரைவ் என்று கேட்பதற்குப் பதில், ஒருமுறை திறந்து காட்டி "இது வேணுமா?" என்று கேட்டிருக்கலாம்.

(மீட்கும் மென்பொருளெல்லாம் பிறகு நான் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத புதுவகைச் சேமிப்பகம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் அழித்த கோப்பு மேலே வேறு எழுதப்படும் வரை ஓரளவு கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஒரு ஏற்பாடு உண்டு, காலியான இடத்தை அதுவே துடைத்துவிடும். ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை.)

புதன்கிழமை கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அப்பா குரோமில் தன் ஜிமெயிலைப் போட்டு நுழைந்தார். வியாழன் காலை மூலையில் அதே பெட்டி.

"கடைக்காரன் வைரஸை எடுக்கலடா, வேற ஒண்ணு புதுசா போட்டு விட்டுட்டான்" என்றார் போனில். சிரித்தேன். பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்பது அப்போது தெரியாது.

இரண்டாவது பயணம். இந்தத் தடவை எந்த ஸ்கேனும் போடவில்லை. "நீங்க தினமும் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்கப்பா, நான் சும்மா பாக்கேன்" என்று பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாருடைய கம்ப்யூட்டரைச் சரி செய்யப் போனாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

மின் கட்டணம் என்று தேடினார். தேடல் நேரே கூகுளுக்குப் போகாமல், கேள்விப்படாத ஒரு பக்கத்தில் மின்னல் போல் பட்டுத் தாண்டியது. பிறகு ஒரு வெள்ளைப் பக்கம், நடுவில் ரோபோ பொம்மை. நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்ய 'அலவ்' பொத்தானை அழுத்துங்கள் என்று இங்கிலீஷில். அப்பா ஒரு விநாடி கூடத் தயங்காமல் அழுத்தினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ரோபோ இல்லைன்னு சொல்லணும்லா. தினமும் கேக்குடா அது."

அங்கேதான் பிடிபட்டது. அந்த 'அலவ்' ரோபோவுக்கானது இல்லை. இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா என்று பிரவுசர் தனியாகக் கேட்கும் கேள்வி. குரோமில் 2015 முதல் இந்த வசதி உண்டு. செய்தித்தளம், மெயில் மாதிரியானவைக்காக வந்தது. ஒருமுறை அனுமதித்துவிட்டால் அந்தத் தளத்தைத் திறக்காமலேயே மூலையில் பெட்டி வரும். பிரவுசரை மூடினாலும் பின்னணியில் அது ஓட அனுமதி இருந்தால் வந்துகொண்டேயிருக்கும். "அஞ்சு வைரஸ்" என்று வந்ததெல்லாம் இந்த அறிவிப்புதான். வைரஸே இல்லை, வைரஸ் இருப்பதாகச் சொல்லும் விளம்பரம். பெட்டியை உற்றுப் பார்த்தால் பிரவுசரின் பெயரும் ஏதோ வாயில் நுழையாத தளத்தின் பெயரும் சின்னதாக இருக்கும். அது இருந்தால் ஸ்கேன் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, அந்த ரோபோ பக்கத்துக்கு இவரைத் தினமும் கொண்டுபோய் விட்டது யார்? எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள், அந்தப் பட்டியலைத் திறந்தேன். பிடிஎஃப் கோப்புகளை ஒன்று சேர்க்கும் இலவச எக்ஸ்டென்ஷன் ஒன்று. எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு பிடிஎஃப் ஒட்டுவதற்கு எதற்கு எல்லாத் தளமும்? அப்பா மார்ச் மாதம் ஏதோ சான்றிதழ் அனுப்ப அதைப் போட்டாராம்.

ஃபார்மட் போட்ட கம்ப்யூட்டரில் அது எப்படி வந்தது என்பதுதான் நான் கற்ற பாடம். அது கம்ப்யூட்டரிலேயே குடியிருக்கவில்லை, அப்பாவின் கணக்கில் இருந்தது. சிங்க், அதாவது எல்லாவற்றையும் கூகுள் கணக்கில் பிரதி எடுத்து வைக்கும் வசதி, போட்டிருந்தால் புக்மார்க், கடவுச்சொல்லோடு எக்ஸ்டென்ஷனும் கணக்கோடு வரும். புதுக் கம்ப்யூட்டரில் ஜிமெயில் போட்டு நுழைந்த உடனே, பழைய வீட்டுச் சாமான் லாரியில் வந்து இறங்குவது போல எல்லாம் வந்து இறங்கிவிட்டது, கரப்பான்பூச்சியும் சேர்ந்து. ஃபார்மட் போடுவதாகவே இருந்தாலும், அதற்கு முன்னால் கணக்குக்குள் இருந்தபடியே எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். நீக்கியதும் சிங்க் ஆகும்.

நீக்கினேன். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற பதினான்கு தளங்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மாற்றினேன். சிஸ்டம் பகுதியில் பின்னணியில் ஓடுவதை அணைத்தேன். தேடுபொறியைத் திருப்பி வைத்தேன். முடிந்தது. பத்து நிமிஷம்.

இத்தோடு கிளம்பியிருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தேன். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலில், அதாவது இதையெல்லாம் சோதிக்காதே என்று விலக்கு கொடுத்த பட்டியலில், ஒரே ஒரு வரி. சி டிரைவ் மொத்தமும்.

காவல்காரனைக் கூப்பிட்டு "வீட்டைத் தவிர மற்றதெல்லாம் பார்த்துக்கொள்" என்றிருக்கிறார்கள். விலக்கை எடுத்துவிட்டு ஸ்கேன் போட்டதும் ஆட்டோகேஎம்எஸ் என்று பிடித்தது. திருட்டு விண்டோஸையும் ஆபீஸையும் காசு கொடுத்து வாங்கியதுபோல் காட்டுகிற கருவி. டிஃபென்டர் அதைப் பிடித்துவிடும் என்பதால் டிஃபென்டரின் கண்ணையே கட்டியிருக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எங்களுடையது காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் ஹோம் பதிப்பு. அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. கடையில் எல்லோருக்கும் போடும் புரோ பதிப்பைப் போட்டதால் சாவி பொருந்தவில்லை. பொருந்தாததால் கள்ளச்சாவி. ஒரிஜினலை எடுத்துவிட்டு டூப்ளிகேட் போட 800 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அப்பா சொன்ன "வேற ஒண்ணு" இதுதான்.

கள்ளச்சாவியோடு வேறு என்ன வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பி வங்கிக் கணக்கில் நுழைய மனம் வரவில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, அதை வைத்து விண்டோஸை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, நானே மறுபடி போட்டேன். அதை என் லேப்டாப்பில் செய்தேன், சந்தேகப்படும் கம்ப்யூட்டரில் செய்யக்கூடாது. பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை அழுதாகிவிட்டது. போட்டு முடித்து இன்டர்நெட் கொடுத்ததும் சாவி எதுவும் கேட்காமல் ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று ஒரு வரி வந்தது பாருங்கள், இந்த இரண்டு வாரத்தில் நான் சிரித்த ஒரே நேரம் அதுதான். ஆபீஸுக்குப் பதில் இலவசமான லிப்ரே ஆபீஸ். கடவுச்சொற்களையெல்லாம் என் போனிலிருந்து மாற்றினோம்.

உங்களுக்கு இவ்வளவு தூரம் போகவேண்டி வராது. அறிவிப்புகளையும் எக்ஸ்டென்ஷனையும் துடைத்த பிறகும் தொல்லை இருந்தால் விளம்பர மென்பொருளைத் தேடி நீக்கும் ஆட்வ்கிளீனர் ஓட்டிப் பாருங்கள். மால்வேர்பைட்ஸ் தளத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கும், நிறுவவே வேண்டாம். அடுத்தது டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன் கால் மணி நேரம் போலச் சோதிக்கும். பழைய கட்டுரைகளில் குரோமுக்குள்ளேயே கிளீன்அப் கருவி இருப்பதாகப் போட்டிருப்பார்கள். அதை 2023-லேயே எடுத்துவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது ஃபயர்ஃபாக்ஸ், தமிழ் முகப்போடு. அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். கூடவே அவருடைய விண்டோஸ் கணக்கை அட்மின் இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டேன். பெரும்பாலான மென்பொருளை நிறுவப் போனால் கடவுச்சொல் கேட்கும், அது என்னிடம் இருக்கிறது. "என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உன்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமாக்கும்" என்று இரண்டு நாள் பேசவில்லை.

வரிக் கணக்கில் ஒரு பகுதி சித்தப்பாவிடம் பிரின்ட்டாக இருந்தது, கோவில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் எடுத்தது. அதை வைத்து அப்பா மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிந்தைய வரவுகளை ஊருக்குள் ஒவ்வொருவரிடமும் ரசீது கேட்டு வாங்கவேண்டும். இரண்டு பேர் ரசீதைத் தொலைத்துவிட்டார்கள், கட்டிய தொகையைக் கொஞ்சம் கூட்டியே சொல்வதாக அப்பாவுக்குச் சந்தேகம்.

போன வாரம் பேசும்போது பெருமையாகச் சொன்னார். "கீழ மூலைல இப்பவும் ஒண்ணு வருதுடா. நான் அசையலையே. மூணு வாரமா வேண்டாம்னே அழுத்துதேன்."

என்ன எழுதியிருக்கு, படிங்க என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். விண்டோஸ் அப்டேட்.