இரண்டு மணிக்கு வரும் 10054

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு குடோன். பெட்டிகளின் பார்கோடைப் படிக்கும் ஸ்கேனர்கள் வைஃபை வழியாக எங்கள் சர்வருக்கு யுடிபி பாக்கெட் அனுப்பும். யுடிபி என்றால், முதலில் இணைப்பு ஏற்படுத்தாமலே தகவலை அனுப்பும் முறை. ஒவ்வொன்றுக்கும் "வந்து சேர்ந்தது" என்று சர்வர் பதில் போடும். விண்டோஸில் ஓடிய அந்த சர்வரை எழுதியது நான்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது அது நின்றுவிடும். "சார், திரும்ப நின்னுடுச்சு" என்று சூப்பர்வைசர் போன் செய்வார். சர்வரின் பதிவேடான லாகில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ரிசீவ்ஃப்ரம் (பாக்கெட்டை வாங்கும் கட்டளை), பிழை 10054. மறுமுனை இணைப்பை முறித்துவிட்டது என்று அர்த்தம். யுடிபியில் இணைப்பே கிடையாதே, எதை முறிப்பது? இந்தக் கேள்வியிலேயே இரண்டு நாள் போனது.

நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு குடோனிலேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், கடைசிப் பெட்டியை ஸ்கேன் செய்த கையோடு ஆப்பை மூடிவிடுகிறார்கள். எங்கள் பதில் போகும்போது அந்த ஆப்பின் போர்ட்டில், அதாவது பாக்கெட் போய்ச் சேரும் வாசலில், வாங்க ஆள் இல்லை. ஸ்கேனர் "இங்கே அப்படி ஒரு போர்ட் இல்லை" என்று ஐசிஎம்பி என்ற நெட்வொர்க் அறிவிப்புச் செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. விண்டோஸ் அதை வாங்கி, அடுத்த ரிசீவ்ஃப்ரம் தலையில் 10054 என்று கட்டிவிடுகிறது. அனுப்பியதில் வந்த கோளாறு, வாங்கும் இடத்தில் வந்து நிற்கிறது. பேட்டரி தீர்ந்து அணைந்த ஸ்கேனரால் இந்தப் பிழை வரவில்லை. மறுப்புச் சொல்லக்கூட அங்கே யாரும் விழித்திருக்கவில்லை. லினக்ஸில், ஒரே முகவரியோடு கனெக்ட் செய்யாத யுடிபி சாக்கெட் (நிரல் பாக்கெட்டை அனுப்பி வாங்கும் முனை) இதைத் தானாகச் சொல்வதும் இல்லை.

இணைப்பு வைத்துப் பேசும் டிசிபி முறையின் பழக்கத்தில், பிழை வந்தால் சாக்கெட்டை மூடிவிட்டு, பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப வாங்கும் லூப்பிலிருந்து வெளியேறும்படி எழுதியிருந்தேன். அங்கே ஆளுக்கு ஒரு சாக்கெட், மூடினால் ஒருவரோடு போகும். இங்கே அத்தனை ஸ்கேனர்களுக்கும் ஒரே சாக்கெட். ஒருவர் ஆப்பை மூடியதற்கு எல்லோரையும் நிறுத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் பெட்டி எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நின்றவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம் திருத்தினேன். 10054 வந்தால் லாகில் எழுதிவிட்டுத் தொடர வேண்டும். 10040 என்றால் பாக்கெட், அதை வாங்கி வைக்கும் இடமான பஃபரைவிடப் பெரியது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். பூஜ்ஜியம் பைட் வந்தாலும் அது வெறும் காலி பாக்கெட்தான். ஆனால் 10038 வேறு, சாக்கெட்டே செல்லாது என்பது. அதையும் பொறுத்துக்கொண்டு சுற்றினால் லூப் சிபியு முழுவதையும் தின்றுவிடும். சாக்கெட்டைப் புதிதாகத் திறந்தே ஆக வேண்டும். 10054 வராமலே அணைத்து வைக்க விண்டோஸில் வழி உண்டு. நான் அணைக்கவில்லை. எத்தனை பதில்கள் போய்ச் சேராமல் திரும்புகின்றன என்று லாகில் தெரிய வேண்டும்.

மறுநாள் இரண்டு மணிக்கு லாகைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். 2.04-க்கு 10054 வந்தது. அடுத்த வரியிலேயே இன்னொரு ஸ்கேனரின் பெட்டி எண்.