ஷுரி மேட்டில் மூன்று நாள்

2024 நவம்பர் 12, செவ்வாய்

ஜப்பானின் ஒகினாவாத் தீவு. நாஹாவிலிருந்து மோனோரயிலில் வந்து, பழைய ரியூக்யூ அரசின் தலைநகரான ஷுரியில் இறங்கினேன். நடைக்குழுவில் ஆறு பேர். வழிகாட்டுகிற அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஷுரிதானாம். வேகமாக நடக்கிறார். நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நன்றாக நிற்கிறார்.

ஷுரெய்மொன் வாயிலில் எல்லோரும் படம் எடுத்து முடிக்கும் வரை பொறுத்திருந்தவர், அதைத் தாண்டி ஒரு சின்னக் கல்வாயிலின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். சொனோஹியான் உத்தாக்கி. 1519இல் கட்டியது. வாயிலுக்குப் பின்னால் கோயில் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன், மரங்கள்தான் இருந்தன. "அந்தத் தோப்புதான் தெய்வம். இது மனிதர்கள் நுழைகிற வாசல் இல்லை" என்றார். அரசர் வெளியூர் கிளம்பினால் இங்கே வணங்கிவிட்டுத்தான் போவாராம். இன்றைக்கும் ஒரு பாட்டி மண்டியிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

1429இல் ஷோ ஹாஷி ஒகினாவாவின் மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கினார். 1609இல் ஜப்பானின் தெற்கிலிருந்த சத்சுமா சிற்றரசின் படை வந்து அடக்கியது, ஆனாலும் அரசும் அரியணையும் தொடர்ந்தன. 1879இல் ஜப்பான் முழுதாகச் சேர்த்துக்கொண்டு, கடைசி அரசர் ஷோ தாயைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனது. இதையெல்லாம் படிக்கட்டு ஏறிக்கொண்டே மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார்.

ஷுரி அரண்மனையின் முதன்மைக் கட்டடம் 2019 அக்டோபர் 31 விடியற்காலைத் தீயில் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில், 1945இல் அழிந்து, 1992இல் திரும்ப எழுந்த கட்டடம் அது. இப்போது பெரிய கொட்டகைக்குள் மறுபடி கட்டுகிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். எரிந்த சிவப்பு ஓடுகளைப் பொடித்து, புது ஓட்டுக்கான மண்ணிலேயே கலந்திருக்கிறார்களாம். கேட்டதும் மனம் கொஞ்சம் லேசானது.

2024 நவம்பர் 13, புதன்

நேற்று பார்த்ததற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் இன்று. எனக்கு இந்தப் பயணமே இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சொனோஹியான் உத்தாக்கியிலிருந்து ஒரு சரிவுப்பாதை குளத்தை நோக்கி இறங்குகிறது. பாதையோரப் புதருக்குள் கான்கிரீட் கட்டை ஒன்று தலைநீட்டுகிறது. விளிம்பில் பாசி, வெடிப்பு, உள்ளே குப்பை சேராமல் கம்பிவேலி. ஜப்பானின் 32ஆம் படையின் தலைமையகச் சுரங்கத்துக்கான வாயில் பகுதி. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, அரண்மனைக்கு நேர் கீழே குடைந்திருக்கிறார்கள். தளபதி உஷிஜிமா இதற்குள் உட்கார்ந்துதான் போரை நடத்தினார். அரசர்கள் வாழ்ந்த மேட்டை அமெரிக்கக் குண்டுகள் துளைத்ததற்கு இந்தச் சுரங்கம்தான் காரணம். மே மாதக் கடைசியில் படை இதைக் கைவிட்டுத் தெற்கே மபுனிக்கு நகர்ந்தது. மக்கள் அடைக்கலம் தேடி ஓடியதும் தெற்கேதான். அதற்கப்புறம்தான் பொதுமக்களின் சாவு கணக்கில்லாமல் ஏறியது. அந்தப் போரில் ஒகினாவா மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்தார்கள்.

உள்ளே யாரையும் விடுவதில்லை, திறக்கும் திட்டம் இருக்கிறது. மேலே அரண்மனை எழும்பும்போது கீழே இதுவும் திறந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஷுரி பாதிதான் தெரியும்.

வழிகாட்டி அம்மா ஒரு தாளை எடுத்துப் படித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று இந்தப் படை வெளியிட்ட உத்தரவு. ஒகினாவா மொழியில் பேசுகிறவர்களை ஒற்றர்களாகக் கருதித் தண்டிப்போம் என்கிறது. அதற்கு முன்பே பள்ளிக்கூடங்களில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை மாட்டிவிடுகிற வழக்கம் உண்டு. இன்னொரு பிள்ளை வாய் தவறிப் பேசும் வரை அதைக் கழற்ற முடியாது. "என் அம்மாவின் கழுத்திலும் அதை மாட்டியிருக்கிறார்கள். அதனால் எங்களுக்கு அவர் அந்த மொழியைச் சொல்லியே தரவில்லை" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிற்பகல் தமாஉதுன். 1501இல் அரசர் ஷோ ஷின் தன் தந்தைக்காக எழுப்பிய கல்லறை மாளிகை. முற்றம் முழுக்கப் பவளத் துண்டுகள், அடி வைத்தால் நொறுநொறுவென்கிறது. மூன்று அறைகள். உடலை நடு அறையில் சில ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு எலும்புகளை வெளியே எடுத்துக் கழுவுவார்கள். அரசர், அரசி எலும்புகள் கிழக்கு அறைக்கு, மற்றவர்களுடையவை மேற்கு அறைக்கு. இதையும் குண்டுகள் விடவில்லை, எழுபதுகளில் திரும்பக் கட்டினார்கள்.

மாலை கின்ஜோ கல்பாவிய பாதையில் இறங்கினோம். சுண்ணாம்புக்கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மழை பெய்தால் கவனம்.

2024 நவம்பர் 14, வியாழன்

இன்று பேருந்து பிடித்து மபுனி. கடலோரப் பாறை மேட்டில் கறுப்புக் கல்வரிசைகள், ‘அமைதியின் அடித்தளக்கல்’. 1995இல் திறந்தது. ஒகினாவாக்காரர், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர், தைவானியர் என்று நாடு பார்க்காமல் போரில் இறந்த 2,40,000க்கும் மேலானவர்களின் பெயர்கள். ஒவ்வோர் ஆண்டும் போர் நினைவு நாளான ஜூன் 23க்கு முன் புதிதாகத் தெரியவந்தவர்களைச் சேர்க்கிறார்கள்.

நான் பெயர்களை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தி ஒரு வரியைக் காட்டினார். அதில் பெயர் இல்லை. இன்னாருடைய பிள்ளை என்று மட்டும் இருந்தது. குடும்பமே போய்விட்டதால் அந்தக் குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை. கீழே இன்னொரு வரி, அதே தந்தையின் இரண்டாவது பிள்ளை.

பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த இரண்டு வரிகளின் மேல் மெதுவாக ஊற்றினார். தாகத்தோடு செத்தவர்கள், அதனால் இங்கே தண்ணீர் ஊற்றுவோம் என்றார். பாட்டிலை என்னிடம் நீட்டினார். மீதியை நான் ஊற்றினேன்.