தடை முடிந்த வாரம்: தற்கொலையும் நாட்காட்டியும்

மழை மூட்டமும் குளிருமாக இருக்கும் மாதங்களில்தான் தற்கொலை கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஐரோப்பாவில் மாதவாரியாக எண்ணிப் பார்த்த இத்தாலியின் மோர்செல்லியும் (1879), பிரான்சின் துர்கைமும் (1897) குளிர்காலத்தில் எண்ணிக்கை இறங்குவதையும், வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் ஏறுவதையும் அப்போதே பதிவு செய்துவிட்டார்கள். பூமியின் தென்பாதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் வசந்தம். அங்கே ஏற்றமும் அப்போதுதான். அமெரிக்காவில் டிசம்பரில் கூடும் என்று ஆண்டுதோறும் பேசுவார்கள். உண்மையில் அங்கே குறைவான மாதங்களில் டிசம்பரும் ஒன்று.

கிழமைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 26 நாடுகளின் தரவை வைத்து 2024-இல் வந்த ஆய்வில் திங்கட்கிழமைதான் மேலே நின்றது. புத்தாண்டு நாளிலும் ஏற்றம் தெரிந்தது. வசந்தம், வாரத் தொடக்கம், ஆண்டுப் பிறப்பு என்று எல்லாமே புதிதாக ஏதோ திறக்கும் நேரங்கள். 1980-களிலேயே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: இனிமேல் சரியாகிவிடும் என்று நம்பி இழுத்துப் பிடித்திருந்தவர், சரியாக வேண்டிய நாள் வந்தும் ஒன்றும் மாறாதபோதுதான் உடைகிறார். பகல் வெளிச்சம் கூடுவதால் வரும் உடல் மாற்றம்தான் காரணம் என்பது இன்னொரு விளக்கம். ராமநாதபுரத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. 9 டிகிரி அட்சரேகையில் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். அதனால் நம்பிக்கை உடையும் கதையைத்தான் இந்தக் கரையின் நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே திங்கட்கிழமைக்கு அலுவலக வாடை கிடையாது. பாக் நீரிணையில் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி; மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் வருமானம் நின்றுபோகும், செலவு மட்டும் நிற்காது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, வலை சரிபார்ப்பதெல்லாம் அப்போதுதான். பாதிக்கு மேல் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமாகவோ வட்டிக்கு எடுத்ததாகவோ இருக்கும். எல்லாரும் சொல்லும் வாக்கு ஒன்றே: "தடை முடியட்டும், அடைச்சிடலாம்." அதனால் தடைக்காலத்தின் நடுவைவிட, ஜூன் 15-க்குப் பிந்தைய இரண்டு மூன்று வாரங்களைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். முதல் மீன்பாடு சரியில்லை, அல்லது இறாலுக்கு விலை இறங்கிவிட்டது என்றால், தள்ளிப்போட்ட கடன்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் வாசலுக்கு வருவார்கள்.

உள்ளே முதுகுளத்தூர், கமுதி பக்கம் நாட்காட்டி வேறு. இந்தியத் தரவை வைத்து 2017-இல் வந்த ஆய்வு ஒன்று, பயிர்க்காலத்தில் 20 டிகிரிக்கு மேல் ஒரு நாள் வெப்பம் 1 டிகிரி கூடினால் நாடு முழுக்க ஏறத்தாழ 67 தற்கொலைகள் கூடுவதாகக் கண்டது. பயிர் இல்லாத மாதங்களில் அதே வெப்பத்துக்கு அந்த விளைவு இல்லை. அதாவது வெயில் நேரே மனசில் அடிப்பதைவிட, பயிர் வழியாக அடிப்பதுதான் அதிகம். அந்த ஆய்வில் பயிர்க்காலம் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் மானாவாரி நெல்லோ வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுவது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகாமல் போவதும், மாசி, பங்குனியில் குண்டு மிளகாய் விலை கமிஷன் கடையில் விழுவதும்தான் இங்கே பார்க்க வேண்டிய இடங்கள். அமாவாசைக்குப் புத்தி கலங்கும் என்ற பேச்சை விட்டுவிடலாம்; நிலாவோடு சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் நிலையான தொடர்பு எதுவும் தேறவில்லை.

நேரத்துக்கு வருவோம். வெறும் எண்ணிக்கையில் பகல்தான் அதிகமாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று வகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2016) நள்ளிரவு முதல் காலை 6 வரை விகிதம் 3 மடங்குக்கும் மேல் போனது. உச்சம் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையே. தூக்கமின்மை, குடி, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமை மூன்றும் கூடும் நேரம் அது. வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் அந்த நேரத்தில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தால், "கடன் கவலை, வேறென்ன" என்று புரண்டு படுக்காமல் எழுந்து பக்கத்தில் உட்காருங்கள். நேராகவே கேட்கலாம்: "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை, கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. "உன்னைவிடக் கஷ்டப்படுறவன் இல்லையா" என்று மட்டும் தொடங்காதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆமாம் என்றால் விடியும்வரை தனியாக விடக்கூடாது. வயல் மருந்தையும் மாத்திரைகளையும் அன்றிரவே பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். நெருக்கடியின் உச்சம் பல நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது, அந்த நிமிடங்களைத் தாண்டவைக்க இதைவிட உறுதியான வழி குறைவு. 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சுகாதார உதவி எண் 104-உம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மே மாதத் தேர்வு முடிவு நாள். மதிப்பெண்ணைத் தனியாகப் போனில் பார்க்கவிடாமல் கூட ஒருவர் இருப்பது, துணைத்தேர்வு இருக்கிறது, ஆண்டு வீணாகாது என்பதை முடிவு வரும் முன்பே சொல்லிவைப்பது, இரண்டும் செலவில்லாதவை.

நம்மூர்க் கணக்கை யாராவது போட்டுப் பார்க்க நினைத்தால் சில இடங்களில் வழுக்கும். பதிவேட்டில் உள்ள நேரம் பெரும்பாலும் கண்டெடுத்த நேரம், நடந்த நேரம் அன்று. மருத்துவமனையில் நாலு நாள் கழித்து இறந்தால் தேதியும் கிழமையும் மாறிவிடும். பிப்ரவரிக்கு 28 நாள்தான். அதனால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடாமல் நாள் சராசரி எடுக்க வேண்டும். ஒரு மாவட்டத்தின் ஓராண்டு எண்ணிக்கையில் மாத ஏற்றத்தைத் தேடினால் தற்செயலைத்தான் பிடிப்போம், குறைந்தது ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்க்க வேண்டும். 2022-இல் தமிழகத்தில் பதிவானவை 19,834. லட்சத்துக்கு 25.9, இந்தியச் சராசரி 12.4.

ஒருமுறை முயன்று பிழைத்தவர் வீட்டில் முதலில் எழும் பயம், கேஸ் ஆகிவிடுமோ என்பது. அந்தப் பயத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறார்கள், தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது என்பதற்கும் சோதித்துப் பார்த்த அட்டவணை இருக்கிறது. சென்னை உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒருமணி நேரம் உட்கார்த்திப் பேசிவிட்டு, பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும், 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். இந்த ஒன்பது தேதிகளையும் காலண்டரில் குறித்து, கிராமச் செவிலியரோ மகளிர் குழுத் தலைவியோ ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். அவற்றுக்கு நடுவே ஜூன் 15 வந்தால், அந்த வாரமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.