நாளைக்கு (2025 பிப்ரவரி 1) டியூக் - கரோலினா, அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்!

நாளைக்கு சாயங்காலம் 6:30க்கு நம்ம டியூக்கோட ஸ்டேடியம் கேமரனுக்கு நார்த் கரோலினா வர்றாங்க, ரெண்டு காலேஜுக்கும் நடுவுல பத்து மைல்தான், ஆனா பங்காளி சண்டை மாதிரி தலைமுறை தலைமுறையா ஓடிட்டு இருக்கு. பசங்க டிக்கெட்டுக்காக வாரக்கணக்கா டென்ட் போட்டு குளிர்ல கிடக்குறாங்க, ஜனவரில!

டியூக் இந்த சீசன் 18 ஜெயிச்சு 2 தோத்திருக்கு, ஏசிசில (ரெண்டு டீமும் ஆடுற லீக்) 10க்கு 10. தோத்த ரெண்டும் நவம்பர்ல, கென்டக்கி, கேன்சஸ் கிட்ட, ரெண்டுமே கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத கதை. அப்புறம் ஆபர்ன அடிச்சதுலேருந்து திரும்பியே பாக்கல. நம்ம கூப்பர் ஃப்ளாக்குக்கு 18 வயசுதான்யா, நாட்டர்டேம் மேல 42 பாயிண்ட் போட்டான், ஏசிசில எந்த ஃப்ரெஷ்மேனும் (முதல் வருஷ பையன்) ஒரே மேட்ச்ல அவ்வளவு போட்டதில்ல. எனக்கென்னமோ நம்ம டீம் மலுவாச்தான் பெரிய தைரியம், 7 அடி 2 இன்ச் பையன் கூடை கிட்ட நின்னா எவன் உள்ள வருவான்?

கரோலினா ரேங்கிங்லயே இல்ல, ஓகே. ஆனா போன சீசன் ரெண்டு மேட்சும் அவங்கதான் ஜெயிச்சாங்க, மார்ச்ல இதே கேமரன்ல 84-79, அந்த கடுப்பு இன்னும் போகல எனக்கு. ஆர்.ஜே. டேவிஸ் இன்னும் அங்கதான் இருக்கான், அவனுக்கு தூரத்துலேருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட் விழ ஆரம்பிச்சா நமக்கு கஷ்டம்.

என் கணக்கு டியூக் 12 பாயிண்ட்ல ஜெயிக்கும். பெட் கட்ட யாராச்சும் இருக்கீங்களா, பிரியாணி மட்டும்!