ஒரே மைக்கில் ‘ஆயேகா ஆனேவாலா’

பழைய இந்திப் பாட்டுகளில் குரலுக்குப் பின்னால் ஓர் ஆழம் கேட்கும். அது எப்படி வருகிறது என்று வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. ‘மஹல்’ (1949) படத்துக்கு கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’ பாட்டை எடுத்துக்கொண்டேன். பல்லவிக்கு முன் தாளமில்லாமல் வரும் தொகையறாவில் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வரும். லதா அறையின் ஓரத்திலிருந்து பாடிக்கொண்டே நடந்து, பல்லவிக்குச் சரியாக மைக்கின் முன் வந்து நின்றாராம். எங்கள் வீட்டில் தங்கை குரல், நான் ஆர்மோனியம், நண்பர் தபலா, நடுவில் ஒரே மைக்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். தபலா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கூடத்தில் எதிரொலி வேறு.

அடுத்த வாரம் தரையில் ஜமக்காளம் விரித்து, சுவரோரம் போர்வைகளைத் தொங்கவிட்டேன். தபலாவைப் பத்தடி பின்னால் தள்ளினோம். ஆர்மோனியம் ஐந்தடியில், துருத்திப் பக்கம் மைக்குக்கு எதிர்த்திசையில். மின்விசிறி நிறுத்தம், எல்லோரும் வெறுங்கால். தங்கை வாசற்படியிலிருந்து பாடிக்கொண்டே நடந்தாள். நடை வேகமானால் சுருதி ஏறுகிறது, மெதுவானால் பல்லவிக்கு மைக் எட்டவில்லை. அடிகளை எண்ணித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகு, பதினோராவது முறை அமைந்தது. கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாட்டின் ‘ஃகாமோஷ்’ என்ற சொல்லில் வரும் உருதுத் தொண்டை ஒலிக்கு இன்னும் பழக்கம் வேண்டும்.

தேநீர் நேரத்தில் ஒன்று சொன்னேன். 1935-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸின் ‘தூப் சாவ்’ படத்தில்தான் இந்திக்குப் பின்னணிப் பாடல் முறை வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் ‘மஹல்’ இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். யார் பாடியது என்று ரசிகர்கள் வானொலி நிலையத்தாரிடம் கேட்டுக் குடைந்த பிறகே லதாவின் பெயர் வெளியே வந்தது. “இவ்வளவு நடந்து பாடினவங்க பேரைப் போடலையா, அண்ணா?” என்று தங்கைக்குக் கோபமே வந்துவிட்டது. எனக்கும் அதே வருத்தம்தான்.

அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க, மூவரையும் தனித்தனித் தடத்தில் பதிந்து கணினியில் சேர்த்தேன். சுத்தமாக இருந்தது, பிழையைத் திருத்துவதும் சுலபம். ஆனால் தங்கை மூச்செடுக்கும் இடத்தில் தபலா காத்திருக்கவில்லை. ஒரே அறையில் அது தானாக நடந்தது. என் காதுக்கு ஒற்றை மைக்கே உசத்தி.

அடுத்து 1973-க்குப் போகிறேன். இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் அந்த ஆண்டு வந்த ‘சுரா லியா’ பாட்டின் தொடக்கத்தில் வைத்த கண்ணாடி ஒலிக்காக, வீட்டு டம்ளர்களையெல்லாம் கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடி கனமான டம்ளர் மந்தமாக ஒலிக்கிறது. மெல்லிய விளிம்புள்ள ஒன்று மட்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் வருகிறது.