இலையின் பச்சை துணிக்கு வரும் வழி

துணிகளுக்கு வடிவமைப்பு செய்வது என் தொழில். வேலை அறையின் சன்னல்கள் மரங்களை நோக்கியே திறக்கின்றன. எனவே ஆண்டு முழுவதும் என் கண்ணில் மிகுதியாகப் படுகின்ற நிறம் பச்சைதான். ஆனால் சாயத்தொழிலின் நெடிய வரலாற்றில், சீனாவின் லோகாவ் என்ற பச்சைச் சாயம் போன்ற அரிய விதிவிலக்குகளைத் தவிர, நூலில் நிலைத்து நிற்கும் பச்சையைத் தனித்துத் தரும் செடியைக் காண்பது கடினம். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர் உண்டு, நீலத்துக்கு அவுரி உண்டு, மஞ்சளுக்கு எத்தனையோ பூக்களும் பட்டைகளும் தோல்களும் உண்டு. நிலத்தை மூடியிருக்கும் நிறத்துக்கு மட்டும் நேர்வழி இல்லை. இயற்கையைப் பார்த்து வடிவமைப்பது பற்றி நான் கற்றவை பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலிலிருந்து கிடைத்தவையே. வெளியில் இருப்பதை அப்படியே பெயர்த்தெடுத்துத் துணியில் வைக்க இயலாது. சாயமும் நூலும் தறியும் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவையோ அந்த விதிகளைக் கொண்டே அதைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும்.

இலையைக் கொதிக்க வைத்தால் பச்சைச் சாயம் கிடைக்கும் என்று சாயத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூட்டிலும் அமிலத்திலும் அது விலகிப் போக, நிறம் பழுப்பேறிய ஆலிவ் வண்ணமாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு கொப்பரையில் எஞ்சுவது இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும்தான். ஆகவே பழைய சாயக்காரர்கள் பச்சையை இரண்டு படிகளில் உண்டாக்கினார்கள்: முதலில் அவுரியின் நீலம், அதன்மேல் செடி மஞ்சள். இவ்விரண்டும் நூலைப் பற்றிக்கொள்ளும் முறையே வேறு. அவுரி நீரில் கரையாது. காரம் கலந்த தொட்டியில் ஆக்சிஜன் நீங்கிய நிலையில்தான் அது கரைந்து நூலுக்குள் புகுகிறது. தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சில நொடிகளில் நான் வேறு வேலை எதையும் செய்வதில்லை. மஞ்சளுக்கோ படிகாரம் போன்ற நிறமூன்றி தேவை. சாயத்தையும் நூலையும் பிணைப்பது அதுதான். தொட்டியின் காரம் மஞ்சளைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால் நீலத்தை முதலில் ஏற்றுவதையே நான் விரும்புகிறேன்.

வேதியியல் வழியில் நேரடியான பச்சையைத் தேடியவர்களும் உண்டு. 1775இல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர் உருவாக்கிய பச்சை, செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த நிறமி. சுவர்த்தாள்களிலும் துணிகளிலும் அது பரவலாகப் பயன்பட்டது, அதைக் கையாண்டவர்களின் உடலையும் கெடுத்தது. இன்று செயற்கைச் சாயங்களில் எந்தப் பச்சையும் கிடைக்கும். ஆலைத் துணிகளுக்கு நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் நிற மாதிரி அட்டையிலிருந்து ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்து நிரப்பினால் அந்த வடிவம் பெரும்பாலும் உயிரற்றுப் போகிறது. காரணம், வெளியே நாம் பார்ப்பது ஒரே பச்சை அன்று. வெயில் ஓர் இலையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும்போது தெரிகின்ற நிறம் வேறு. அதே இலையை ஊடுருவி வரும்போது தெரிகின்ற, மஞ்சள் கூடிய நிறம் வேறு. தளிர்களில் சிவப்பு இருக்கிறது. நிழலில் கிடக்கும் இலைகளில் வானத்தின் நீலம் படிந்திருக்கிறது.

இவற்றைப் பதிவுசெய்ய நான் முதலில் வரைவதில்லை, நூலைச் சுற்றுகிறேன். வெளியே உட்கார்ந்து, ஒரு புதரில் தெரிகின்ற நிறங்கள் எந்த அளவில் இருக்கின்றனவோ அந்த அளவிலேயே அட்டைப் பட்டையில் நூல்களை அடுத்தடுத்துச் சுற்றிக்கொள்வேன். பச்சைப் புதர் என்று நினைத்துத் தொடங்கிய பட்டையில் பச்சை நூல் பாதியைக்கூட எட்டாமல் போவது அடிக்கடி நடக்கிறது. சாம்பலும் பழுப்பும் ஏறக்குறைய கருமையான ஊதாவும் மீதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த மங்கல் நிறங்களை நீக்கிவிட்டால் பச்சையும் மங்கிவிடும். இதை அறிவியலாக வகுத்துச் சொன்னவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். 1824இல் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற அவரிடம், கறுப்பு நூலின் கறுப்பில் அழுத்தம் இல்லை என்ற குறை வந்தது. சாயத்தைச் சோதித்தவர் அதில் குற்றமில்லை என்று கண்டார். கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே அதை வெளிறியதாகக் காட்டின. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் விதத்தை அவர் 1839இல் விரிவாக வெளியிட்டார். எனக்குத் தெரிந்தவரை, துணியில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஓர் அறிவியல் முடிவு இல்லை.

தறிக்குப் போகும்போது இன்னொரு விதி குறுக்கே வருகிறது. நீளவாக்கில் ஓடும் நீலப் பாவும் குறுக்கே ஓடும் மஞ்சள் ஊடையும் சேர்ந்தால் பச்சை வரும் என்று கணக்குப் போட்டால், வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த மங்கல் நிறமே. சாயத்தொட்டியில் நிறங்கள் ஒரே இழைக்குள் கலக்கின்றன. தறியிலோ புள்ளிகளாக அருகருகே நிற்கின்றன, கலப்பது பார்ப்பவர் கண்ணில்தான். அந்த மங்கலையே ஆழமான நிழலுக்குப் பயன்படுத்தலாம் என்று தெரிந்த பிறகு எனக்கு அது மிகப் பிடித்த கலவையாகிவிட்டது.

நிறத்தைச் சரிபார்க்கும் ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு வேறு சாயங்களால் உண்டான இரண்டு பச்சைகள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, விளக்கொளியில் தனித்தனியாகப் பிரிந்துவிடக்கூடும். ஆலைகளில் பகலொளிக்கு நிகரான டி65 விளக்குப் பெட்டியில் மாதிரிகளைப் பார்ப்பது இதற்காகத்தான். நான் பெட்டியிலும் பார்ப்பேன், மரத்தடியிலும் பார்ப்பேன். துணி எந்த வெளிச்சத்தில் வாழப்போகிறதோ அந்த வெளிச்சமே எனக்கு இறுதித் தீர்ப்பு.

வடிவத்தில் இதே சிக்கல் 'ரிபீட்' என்ற உருவில், அதாவது துணி நெடுக ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் அளவாக, வருகிறது. உருளை ஸ்கிரீனில் அச்சிடும்போது வழக்கமான சுற்றளவு 64 செ.மீ.; வரைந்தது எதுவானாலும் அந்த நீளத்துக்குள், அல்லது அதன் பாதியிலோ கால் பங்கிலோ, தொடக்கத்தோடு போய்ப் பொருந்த வேண்டும். இயற்கையில் எந்தக் கிளையும் இன்னொரு கிளையின் நகல் அல்ல. ஆயினும் அங்கே ஒழுங்கு உண்டு: பல செடிகளில் ஒவ்வோர் இலையும் முந்தைய இலையிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திரும்பி முளைக்கிறது. நான் எடுத்துக்கொள்வது அந்த மாதிரியான விதியைத்தான். ஒரு குறிப்பிட்ட கிளையின் உருவத்தை அன்று. விதியைப் பின்பற்றி இலைகளை அடுக்கி, அடுத்தடுத்த வரிசைகளைப் பாதி உயரம் இறக்கி வைத்தால், துணி விரியும்போது கண்ணை இழுக்கும் வெற்றுப் பாதைகள் குறைகின்றன. மீதி இருப்பவற்றை, தாளைச் சுவரில் மாட்டித் தொலைவில் நின்று பார்த்து, ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். வேலையின் நீண்ட பகுதி இதுதான்.

இயற்கைக்கு அருகில் வேலை செய்வது என்றால் காலநிலையின் கணக்குக்கு உட்பட்டு வேலை செய்வது. நொதிக்க வைத்த அவுரித் தொட்டியில் நுண்ணுயிர்கள்தான் சாயத்தைக் கரைக்கின்றன. குளிர்ந்தால் அவை சோம்பிவிடும், ஆகவே என் நீல வேலைகள் வெப்பமான மாதங்களில் சேர்கின்றன. தண்ணீரின் தன்மையும் நிறத்தை மாற்றும். சிறிதளவு இரும்பு இருந்தாலே மஞ்சள் ஆலிவாகச் சாய்ந்துவிடும். ஆங்கிலத் துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1881இல் தம் பட்டறையை வாண்டில் ஆற்றங்கரையில் இருந்த மெர்ட்டன் அபிக்குக் கொண்டுபோனதில் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே அவர் துணி முழுவதையும் அவுரியில் முக்கி, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளுத்து, இலைகள் வரும் இடத்தில் மஞ்சளை ஏற்றினார்.

அந்த மஞ்சள்தான் இப்போது என் மேசையில் இருக்கும் வேலைக்கும் மையமான கேள்வி. செடி மஞ்சள்களில் வெயிலை நன்கு தாங்குவனவும் உண்டு, ஆனால் நீலம் நிற்கும் அளவுக்கு எதுவும் நிற்பதில்லை. ஐரோப்பாவின் பழைய சித்திரத் திரைகளிலும், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய 18ஆம் நூற்றாண்டு வண்ணத் துணிகள் பலவற்றிலும் இலைகள் நீலமாக இருப்பதற்குக் காரணம் இதுவே: மேலே இருந்த மஞ்சள் போய்விட்டது, அடியிலிருந்த அவுரி தங்கிவிட்டது. நான் செய்துகொண்டிருப்பது சன்னல் திரைக்கான துணி. வெயில் நேராகப் படும் இடம். இலையின் நரம்புகளை இரும்பும் கடுக்காயும் சேர்ந்த கறுப்பால் வரையலாம் என்றால், அந்தக் கறுப்பு காலப்போக்கில் இழையையே அரித்துவிடுகிறது.

ஆகவே இரண்டு நீலங்களால் இலையை அமைத்திருக்கிறேன். பின்புலத்தை மெழுகால் மூடி, இலைகளுக்கு வெளிர்நீலம் ஏற்றியபின், நரம்புகளை மட்டும் விட்டுவிட்டு இலைப்பரப்பையும் மெழுகால் மூடி, மறுபடியும் தொட்டியில் முக்க வேண்டும். மெழுகை நீக்கி, இலைகளின் மேல் மட்டும் படிகாரம் தீட்டி மஞ்சளில் இட்டால், படிகாரம் பட்ட இடங்களில் பச்சை நிலைக்கிறது. மற்ற இடங்களின் மஞ்சள் அலசும்போது பெரிதும் போய்விடுகிறது. மஞ்சள் ஏற்றாத ஒரு மாதிரித் துண்டையும் தனியாகச் செய்து, அதில் இலை இரண்டு நீலங்களிலேயே இலையாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது, அதன் பிறகே திரைக்கான துணியை முதல் முக்குக்கு அனுப்பினேன்.